கடன் 9 லட்சம் கோடி, வளர்ச்சி 11 சதவீதம்: தமிழ்நாட்டு பட்ஜெட்டை எங்கிருந்து படிப்பது?

கேள்வி இதுதான்: "2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாட்டின் கடன் 9 லட்சத்து 30 ஆயிரம் கோடி என்று போட்டிருக்கிறார்கள். குடும்பத்துக்கு நாலு லட்சம் கடன், மாநிலம் திவால் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். வளர்ச்சியில் நாம்தான் முன்னால், 11 சதவீதம் என்று இன்னொரு பக்கம். இதில் எது பொய்?"

இரண்டும் பொய் இல்லை. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு மாநிலத்தின் நிதி எப்படி இருக்கிறது என்று உங்களால் சொல்லவே முடியாது. அதற்குப் பார்க்க வேண்டிய எண் வேறு, வருவாய்ப் பற்றாக்குறை: 41,635 கோடி. நிதியமைச்சராகத் தங்கம் தென்னரசு 2025 மார்ச் 14 அன்று வாசித்த உரையின் கடைசிப் பக்கங்களில் அது இருந்தது. அந்த வாரம் முழுக்க தொலைக்காட்சியில் பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறிக்குப் பதில் 'ரூ' போட்டது சரியா தவறா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், அதனால் பலர் கவனத்துக்கு அது வரவே இல்லை.

முதலில் கடனை முடித்துவிடுவோம். 9,29,959 கோடி ரூபாய் என்பது 2026 மார்ச் 31 அன்று நிலுவையில் இருக்கும் என்று மதிப்பிட்ட தொகை. மாநிலப் பொருளாதாரத்தின் அளவு, அதாவது ஓர் ஆண்டில் இங்கே உற்பத்தியாகும் எல்லாவற்றின் மதிப்பு, ஏறக்குறைய 35 லட்சத்து 67 ஆயிரம் கோடி. அதில் கடன் 26.07 சதவீதம். பஞ்சாபில் இதே விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, மகாராஷ்டிராவில் 20க்கும் கீழே. நாம் நடுவில் இருக்கிறோம். பொருளாதாரம் வட்டி விகிதத்தை விட வேகமாக வளரும்வரை இந்த விகிதம் கையை மீறிப் போகாது. மாநிலங்கள் ரிசர்வ் வங்கி ஏலத்தில் 7 சதவீத வட்டியை ஒட்டிக் கடன் வாங்குகின்றன, நம் பொருளாதாரம் விலைவாசியையும் சேர்த்தால் 10 சதவீதத்துக்கு மேல் வளர்கிறது. அதனால் 'திவால்' என்பதெல்லாம் மேடைப் பேச்சு. அதோடு மாநில அரசு இஷ்டத்துக்குக் கடன் வாங்கவும் முடியாது. ஒன்றிய அரசுக்குக் கடன் பாக்கி இருக்கும்வரை அதன் ஒப்புதல் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 293வது பிரிவு சொல்கிறது, பாக்கி இல்லாத மாநிலம் கிடையாது.

சரி, அப்படியென்றால் பிரச்சினை எங்கே? கடன் வாங்கி என்ன செய்கிறோம் என்பதில்.

கடைக்காரர் தீபாவளிச் சரக்கு எடுக்க வட்டிக்கு வாங்குகிறார் என்றால் யாரும் கவலைப்பட மாட்டோம். அதே கடைக்காரர் வீட்டு மளிகைக்கும் வேலையாள் சம்பளத்துக்கும் மாதாமாதம் வட்டிக்கு வாங்கினால் பக்கத்துக் கடைக்காரர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். வருவாய்ப் பற்றாக்குறை என்பது இந்த இரண்டாவது வகை. 2025-26 மதிப்பீட்டில் அரசின் வருவாய் வரவு 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. வித்தியாசம்தான் அந்த 41,635 கோடி. சாலை, பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவு 57,231 கோடி, அப்புறம் கொஞ்சம் கடன் வழங்கல்கள், எல்லாம் சேர்த்து நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. பொருளாதாரத்தில் சரியாக 3 சதவீதம். விதிப்படி எல்லைக்குள்தான் இருக்கிறது. உரையில் அந்த 3 சதவீதத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் கூடுதலாக ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள்: கடனாக வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 39 ரூபாய் அன்றாடச் செலவில் கரைந்துவிடுகிறது, கையில் எதுவும் மிஞ்சாமல்.

இது இன்றைக்கு நேற்று வந்த வியாதி இல்லை, ஒரு கட்சியின் வியாதியும் இல்லை. 2012-13ல் தமிழ்நாடு வருவாய் உபரி காட்டிய மாநிலம். 2013-14ல் பற்றாக்குறைக்குள் இறங்கியது, அதன்பின் ஒரு வருஷம்கூட மேலே ஏறவில்லை. கொரோனா ஆண்டான 2020-21ல் 61 ஆயிரம் கோடியைத் தாண்டியது; 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் மையமே அதுதான். அவர் காலத்தில் 2022-23ல் 36 ஆயிரம் கோடிக்கு இறங்கியது. அப்போது நானும் நம்பினேன், இரண்டு மூன்று வருஷத்தில் சுழியத்தைத் தொட்டுவிடும் என்று. தொடவில்லை. 2023-24ல் மறுபடி 45 ஆயிரம் கோடி.

அதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த 2023-24க்கு 2023 மார்ச்சில் பட்ஜெட் போட்டபோது சொன்ன எண் 37,540 கோடி. அடுத்த பிப்ரவரியில் திருத்திய மதிப்பீட்டில் 44,907 கோடி ஆனது. கணக்கு முடிந்து வந்தது 45,121 கோடி. பட்ஜெட் ஆவணத்தில் பக்கத்துக்குப் பக்கம் இந்தப் பத்திகள் (நெடுக்கு வரிசைகள்) இருப்பதை மறக்காதீர்கள்: இரண்டு வருஷத்துக்கு முந்தைய உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. செய்தித்தாள் கடைசிப் பத்தியை மட்டும் போடும். அது ஆசை. முதல் பத்திதான் நடந்தது. நான் பல வருஷமாக உரையை ஓரமாக வைத்துவிட்டு அந்த முதல் பத்தியில் இருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.

இப்போது செலவுக்கு வருவோம். சம்பளம் 90,464 கோடி. ஓய்வூதியம் 41,290 கோடி. வட்டி 70,754 கோடி. இந்த மூன்றையும் கூட்டினால் வருவாயில் 61 சதவீதம் போய்விட்டது. யார் முதலமைச்சராக வந்தாலும் இதில் கை வைக்க முடியாது. நூறு ரூபாய் வரவில் மீதி 39 ரூபாயில் மானியங்களும் உதவித்தொகைகளும் உள்ளாட்சிகளுக்கான நிதியும் நடக்க வேண்டும், ஆனால் அந்தத் தலைப்பின் செலவு மட்டும் 1,53,724 கோடி, அதாவது 46 ரூபாய். நூறு ரூபாய் வரவில் 107 ரூபாய்ச் செலவு இங்கேயே வந்துவிட்டது. பராமரிப்புச் செலவை இன்னும் சேர்க்கவில்லை.

உடனே 'இலவசம்தான் காரணம்' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், 2025-26 பட்ஜெட்டின்போது சுமார் 1 கோடியே 15 லட்சம் பெண்களுக்கு: ஒதுக்கீடு 13,807 கோடி. பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 3,600 கோடி. கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி 2,000 கோடி. இவை சின்னத் தொகைகள் இல்லைதான். ஆனால் மூன்றையும் நாளைக்கே நிறுத்தினாலும் பற்றாக்குறையில் பாதிகூட அடையாது. அந்த ஆயிரம் ரூபாயும் ஆவியாகிவிடுவதில்லை, ஊர்க் கடையில் எண்ணெயாகவும் சோப்பாகவும் பள்ளி நோட்டாகவும் மாறுகிறது, அதில் ஒரு பகுதி வரியாகத் திரும்பியும் வருகிறது. என் கருத்தைக் கேட்டால், பேருந்துத் திட்டம் இந்த மாநிலம் அண்மையில் செய்த நல்ல செலவுகளில் ஒன்று. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்.

யாரும் போஸ்டர் அடிக்காத செலவு ஒன்று இருக்கிறது, மின்வாரியம். 2023-24ல் மட்டும் அதன் இழப்பை ஈடுகட்ட அரசு 17,117 கோடி ரூபாய் கொடுத்தது. உரிமைத் தொகைக்கு ஆகும் ஒரு வருஷச் செலவை விட அதிகம். ஏன் கொடுத்தார்கள்? மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் 3 சதவீதத்துக்கு மேல் இன்னொரு அரை சதவீதம் கடன் வாங்க அனுமதி என்று ஒன்றிய அரசு ஒரு வாசல் திறந்தது, அதற்கான நிபந்தனைகளில் ஒன்று வாரியத்தின் இழப்பை மாநில அரசு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. கூடுதல் கடன் வாங்க வேண்டுமானால் பழைய இழப்பைத் தலையில் ஏற்றிக்கொள் என்ற கதை. இது இல்லாமல் விவசாயத்துக்கும் வீடுகளின் முதல் 100 யூனிட்டுக்கும் ஆகும் மானியம் தனி. 2024ல் வாரியத்தைப் பிரித்து உற்பத்திக்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று என்று நிறுவனங்கள் ஆக்கினார்கள். பெயர்ப்பலகை மாறியதால் இழப்பு போய்விடாது.

(இடையில் ஒன்று. வேளாண் பட்ஜெட் என்று அடுத்த நாள் தனியாக வாசிக்கிறார்களே, 2025-26க்கு 45,661 கோடி, அது தனிப் பணப்பெட்டி இல்லை. வேளாண்மை சார்ந்து பல துறைகளில் இருக்கும் ஒதுக்கீடுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டுவது. இலவச மின்சார மானியமும் அதில்தான் வருகிறது. இரண்டு பட்ஜெட்டையும் கூட்டி 'மொத்தம் இவ்வளவு' என்று போடுபவர்களை நம்பாதீர்கள்.)

ஆக, செலவைக் குறைத்துப் பற்றாக்குறையை ஒழிப்பது நடக்காத காரியம். வரவு பக்கம்தான் போக வேண்டும். உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி, வளர்ச்சி, அங்கேதான் நுழைகிறது.

2024-25ல் தமிழ்நாட்டின் உண்மை வளர்ச்சி (விலைவாசி உயர்வைக் கழித்தது) 11.19 சதவீதம் என்று 2025 ஆகஸ்டில் ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகத்தின் பட்டியலில் வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அதே ஆண்டுக்கு 9.69 சதவீதம் என்று இருந்தது. பட்ஜெட்டுக்கு முந்தைய நாள் மாநிலத் திட்டக்குழு முதன்முறையாக வெளியிட்ட பொருளாதார ஆய்வறிக்கை 8 சதவீதத்துக்கு மேல் என்றுதான் எதிர்பார்த்தது. ஒரே வருஷத்துக்கு மூன்று எண்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. தகவல் சேரச் சேர மதிப்பீடு மாறும், இன்னும் மாறும். ஆனால் 14 வருஷத்துக்குப் பிறகு இரட்டை இலக்கம் என்பது கொண்டாட வேண்டிய விஷயம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2022-23லேயே தனிநபர் வருமானம் 2.78 லட்சம் ரூபாய், அகில இந்தியச் சராசரி 1.69 லட்சம்.

அந்த வளர்ச்சி ஏன் கஜானாவுக்கு முழுசாக வந்து சேரவில்லை என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி. மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 2025-26க்கு 2,20,895 கோடி என்று எதிர்பார்த்தார்கள். பொருளாதாரத்தில் சுமார் 6.2 சதவீதம். ஒரு காலத்தில் இது 8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அந்த 1.8 சதவீதம் இன்று கையில் இருந்தால் 65 ஆயிரம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. பற்றாக்குறை ஒழிந்து உபரியே வந்துவிடும்.

எங்கே போனது? ஒரகடத்தில் ஒரு கார் உருவாகிறது என்று வையுங்கள். நிலம் நம்முடையது, சாலை நம்முடையது, தண்ணீர், மின்சாரம், தொழிற்பயிற்சி, ஆலை வருவதற்காகக் கொடுத்த சலுகை எல்லாம் நம்முடையது. அந்தக் கார் லக்னோவில் விற்றால் ஜிஎஸ்டியின் மாநிலப் பங்கு உத்தரப் பிரதேசத்துக்குப் போகும். ஜிஎஸ்டி நுகர்வு நடக்கும் இடத்தில் விழும் வரி. முன்பு மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது 2 சதவீதம் மத்திய விற்பனை வரி என்று ஒன்று உற்பத்தி செய்யும் மாநிலத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. 2017 ஜூலையோடு பெரும்பாலான பொருள்களுக்கு அது போய்விட்டது. ஈடாகக் கொடுத்த இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. செல்போன் கதை இன்னும் சுவாரசியம். 2024-25ல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 14.65 பில்லியன் டாலர், நாட்டிலேயே முதலிடம். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி கிடையாது. அந்த நிறுவனங்களின் லாபத்தின் மீதான வரியும் ஊழியர்களின் வருமான வரியும் டெல்லிக்கு. ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் பெண் சம்பளத்தில் வாங்கும் சுடிதாரிலும் பிரியாணியிலும் வரும் வரிதான் நமக்கு மிச்சம். தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வேலைகள்தான் இந்த மாநிலத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. ஆனால் ஆலையின் வளர்ச்சியும் கஜானாவின் வளர்ச்சியும் ஒரே வேகத்தில் ஓடாது என்பதைத்தான் சொல்கிறேன்.

மாநிலத்தின் கையில் முழுசாக இருக்கும் வரிகள் என்று பார்த்தால் பெட்ரோல் டீசல், மது, பத்திரப்பதிவு, வாகனம், மின்சாரம். பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு; டீசலுக்கு 11 சதவீதம், அதோடு 9 ரூபாய் 62 காசு. அந்த நிலையான காசு விலைவாசியோடு ஏறாது, அப்படியே நிற்கும். 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், அதன்பின் தொடவில்லை. பத்திரப்பதிவில் 26,109 கோடி எதிர்பார்ப்பு. மதுவில் வேடிக்கை ஒன்று உண்டு: பட்ஜெட்டில் 'ஆயத்தீர்வை' என்ற தலைப்பைப் பார்த்தால் 12,944 கோடிதான் இருக்கும், அவ்வளவுதானா என்று தோன்றும். பெரிய பகுதி மதிப்புக்கூட்டு வரியாக வணிகவரித் தலைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. 2024-25ல் டாஸ்மாக் மூலம் இரண்டும் சேர்த்து வந்தது 48,344 கோடி. சொந்த வரியில் ஏறக்குறைய கால்வாசி. மதுவிலக்கு பற்றி எல்லாக் கட்சியும் பேசும், இந்தத் தொகைக்கு மாற்று என்ன என்று எழுதிக் காட்டுபவர் அரிது.

அப்புறம் டெல்லி. ஒன்றிய வரிகளில் மாநிலங்களுக்கு என்று பிரிக்கும் தொகையில் நம் பங்கு 12வது நிதிக்குழுவில் (இந்தப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் குழு) 5.305 சதவீதம், 13வதில் 4.969, 15வதில் 4.079. மக்கள்தொகையில் நாம் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 6 சதவீதம். அதே 15வதில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்தான், ஒரே நாடு என்றால் அது வேண்டும். ஆனால் மேல்வரி, கூடுதல் வரி (செஸ், சர்சார்ஜ்) என்ற பெயரில் வசூலிப்பது அந்தப் பங்கீட்டுக்கே வராது என்பதும், ஒன்றிய அரசின் பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் வர வேண்டிய 2,152 கோடியைப் பிஎம்ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைத்ததும் வேறு கணக்கு. அது பங்கீடு இல்லை, கையை முறுக்குவது. அதே நேரம் 'நாம் ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்ப வருகிறது' என்ற வாதத்தையும் நான் பயன்படுத்துவதில்லை. கம்பெனி வரி தலைமை அலுவலகம் எங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கே கணக்காகிறது, மும்பையில் பதிவான நிறுவனம் கோவையில் சம்பாதித்ததும் மகாராஷ்டிரா கணக்கில்தான் ஏறும். அப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு காசு காசாக எண்ணுவது சரிப்படாது. 2026 ஏப்ரலில் இருந்து 16வது நிதிக்குழுவின் காலம்.

இனி முன்னால் என்ன? 2025-26ன் சொந்த வரி இலக்கு முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டை விட 14.6 சதவீதம் அதிகம். 2026 தேர்தலுக்கு முந்தைய கடைசி முழு பட்ஜெட், புது வரி போட மாட்டார்கள், அதனால் வளர்ச்சியை மட்டும் நம்பிப் போட்ட இலக்கு. போட்ட பிறகு இரண்டு விஷயம் நடந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் பின்னலாடைக்கும் வாணியம்பாடி, ஆம்பூர் தோலுக்கும் அமெரிக்கா பெரிய சந்தை. ஏற்றுமதியில் ஜிஎஸ்டி இல்லை என்பதால் கஜானாவில் நேரடி அடி தெரியாது, ஓவர்டைம் இல்லாமல் போன தொழிலாளி வாங்காமல் விட்ட டூவீலரில்தான் தெரியும். இரண்டாவது, செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்களைக் குறைத்து 5, 18 என்று ஆக்கினார்கள், ஆடம்பரப் பொருள்களுக்கு 40. வாங்குபவருக்கு நல்லது. மாநிலங்கள் கேட்ட இழப்பீடு மட்டும் வரவில்லை. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் 2,20,895 கோடி வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை.

வராவிட்டால் என்ன நடக்கும் என்பதும் பழகிய கதைதான். சம்பளத்தை நிறுத்த முடியாது, வட்டியை நிறுத்த முடியாது, தேர்தல் வருஷத்தில் உரிமைத் தொகையையும் நிறுத்த முடியாது. வெட்டு விழுவது மூலதனச் செலவில். அந்த 57,231 கோடி முந்தைய ஆண்டை விட 22 சதவீதம் கூட்டிப் போட்ட தொகை. உங்கள் ஊர்ப் புறவழிச்சாலைக்கும் ஏரிக்கரைக்கும் அதில்தான் பணம் வர வேண்டும். ஒப்பந்ததாரருக்கு பில் தொகை வரவில்லை, வேலை பாதியில் நிற்கிறது என்று ஜனவரி பிப்ரவரியில் கேள்விப்பட்டால் இதுதான் காரணம்.

நீங்களே சரிபார்க்க விரும்பினால் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) மாதாமாதம் வெளியிடும் மாநிலக் கணக்கு ஒன்று இருக்கிறது, சில பக்கம்தான். அதில் வரி வருவாய், மூலதனச் செலவு என்று இரண்டு இனங்களைப் பட்ஜெட் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் சதவீதத்தோடு போட்டிருப்பார்கள். டிசம்பர் மாதக் கணக்கை எடுங்கள், ஆண்டில் முக்கால்வாசி முடிந்திருக்கும். வரி 70 சதவீதத்தைத் தொடாமல் மூலதனச் செலவும் பாதியில் நின்றால், அடுத்த பட்ஜெட் உரையில் திருத்திய மதிப்பீடு என்ற பத்தியில் என்ன வரப்போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.